மூன்றாவது துண்டு

ஆமாம் அப்பா, டாக்ஸி என்று சொன்னது நான்தான். அன்று பெங்களூரில் காரின் பின் சீட்டில் பையை வைத்துவிட்டு, ஓட்டுகிறவனைக் காட்டி, "ஆரு சாமி இது?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் கேள்வி. பதிலை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"டாக்ஸிப்பா."

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு காகித உறை. நீளமானது, சாம்பல் நிறம். உள்ளே ஜப்பான்காரர்கள் சாப்பிடப் பிடிக்கும் இரண்டு மரக்குச்சிகள், இன்னும் பிரிக்கப்படாமல் தலையில் ஒட்டிக்கொண்டு. உங்கள் லாரியின் டேஷ்போர்டுப் பெட்டியில், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் இருந்தது. நாளை முதல் புது டிரைவர் வண்டி எடுக்கிறார். பெட்டியைக் காலி செய்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். அரை மணி நேரமாகிறது. உங்கள் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். டீசல் வாசனை. பழைய ஊதுவத்தி. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை.

இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தெருமுனை தெரிகிறது. அங்கே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே அருள். பெங்களூரிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தவன். அம்மாவிடம் இன்றும் டாக்ஸி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அன்று உங்களைக் கூட்டிப்போன ஜப்பான் உணவகத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. சம்பளம் உயர்ந்ததற்கு விருந்து என்றேன். பொய் இல்லை, ஆனால் காரணம் அது இல்லை. எனக்கு நேரம் வேண்டியிருந்தது. நம் ஊர் ஹோட்டலில் இலை போட்ட பத்தாவது நிமிடம் கை கழுவிவிடுவீர்கள். ரோட்டில் ஓடுகிறவரின் சாப்பாடு. அங்கே எல்லாம் சின்னச் சின்னத் தட்டு. ஒன்று முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது. இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குள் அருளைக் கட்டிக்கொள்ள ஆசை என்று சொல்லிவிடலாம், சொன்னதும் கீழே காரில் இருக்கிறவனை மேலே கூப்பிட்டுவிடலாம் என்பது திட்டம். அவன் சேலத்துக்காரன். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச். நமக்கும் அவர்களுக்கும் சாதியும் வேறு, சாமியும் வேறு. இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

முதலில் சுடச்சுட ஈரத்துண்டு வந்தது. கை துடைக்கத் தருவது. நீங்கள் முகம் துடைத்தீர்கள், கழுத்து துடைத்தீர்கள், காதுக்குப் பின்னால் துடைத்தீர்கள். நான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். பரிமாறும் பெண் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு முதல் தட்டு. உள்ளங்கை அளவு. வறுத்த கத்தரிக்காய், மேலே இனிப்பாக ஏதோ குழம்பு. மூன்று துண்டு.

"ஏஞ்சாமி, இது சோறா, இல்ல சோத்துக்கு மின்னாடி காட்டற சாம்பிளா?"

சிரித்தேன். பயம் கொஞ்சம் இறங்கியது. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். மூன்றாவதை உங்கள் பக்கம் தள்ளினேன். இருக்கட்டும் என்றீர்கள்.

அடுத்து பச்சை மீன், மூன்று சீவல். கண்ணாடி மாதிரி. "வேகவே வெக்கலியா?" என்று கேட்டுவிட்டு வாயில் போட்டீர்கள். கண்ணை மூடி மென்றீர்கள். "வழுக்கிட்டுப் போகுது. நல்லாத்தான் இருக்குது." மூன்றாவது அப்படியே இருந்தது. முட்டையைச் செங்கல் போலச் சுட்டு அறுத்திருந்தார்கள், அதிலும் மூன்று. குச்சியில் குத்திய கோழி மூன்று. இரண்டு பேருக்கு ஏன் மூன்று வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒன்று மிஞ்சியது. தட்டை எடுக்க வந்த பெண்ணிடம் கையை நீட்டித் தடுத்தீர்கள். மேசை நிறையத் தட்டு, ஒவ்வொன்றிலும் ஒற்றைத் துண்டு. பிடிக்காமல் வைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நடுவில் அவளிடம் உங்கள் ரோட்டு இந்தியில் பேச ஆரம்பித்தீர்கள். அவள் கவுகாத்திப் பக்கம். நீங்கள் அங்கே லோடு இறக்க முடியாமல் நாலு நாள் மழையில் நின்ற கதையைச் சொன்னீர்கள். எந்தப் பாலம், எந்த டீக்கடை என்று அவள் கேட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு மட்டும் பேச்சு வரவில்லை. ஒன்றரை மணி நேரம் முடிந்திருந்தது.

"பிடிக்கலைன்னா சொல்லுங்கப்பா, வேற சொல்லலாம்" என்றேன். என் குரல் எரிச்சலாக இருந்தது.

"புடிச்சிருக்குதே."

"அப்புறம் ஏன் எல்லாத்துலயும் மிச்சம் வைக்கறீங்க?"

"டிரைவர் தம்பி கீழ இருக்குதல்ல."

லாரியில் எப்போதும் இரண்டு பேர். லோடு வண்டியைத் தனியாக விடக்கூடாது. ஒருவர் இறங்கிச் சாப்பிடுவார், ஒருவர் வண்டியில் இருப்பார். முதலில் சாப்பிடுகிறவர், வண்டியில் இருப்பவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். கல்யாண வீட்டில்கூட நீங்கள் கடைசி வடையைத் தொட்டதில்லை. "வண்டியில ஒருத்தன் இருக்கறப்போ கடைசித் துண்டு நம்முளுது இல்ல" என்பீர்கள். சின்ன வயதிலிருந்து கேட்டது. அன்று அது என் நினைவுக்கே வரவில்லை.

நான் சொன்னேன்: "டிரைவருக்கு இதெல்லாம் எதுக்குப்பா?"

உங்கள் கை மேசை மேல் நின்றது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. அந்தக் கை சம்பாதித்ததில் பல்கலைக்கழகம் வரை போனவள் நான். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரைக் கீழே தள்ளினேன், இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

"டிரைவருக்கும் வயிறு இருக்குது சாமி" என்றீர்கள். கோபம் இல்லை. பிறகு, மெதுவாக, "மேல வரச் சொல்லேன். இங்க உக்காந்து திங்கட்டும்."

நான் சொல்வதற்கு ஒரு கதவைத் திறந்து பிடித்தீர்கள் அப்பா. அன்று நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கிங்கில் வண்டியை விட்டு வர முடியாது என்றேன். பார்க்கிங் பற்றி உங்களிடம். நீங்கள் தலையாட்டினீர்கள்.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னீர்கள். பச்சை மீனைக் கட்டித் தருவதில்லை என்றாள் அந்தப் பெண். "கெட்டுப்போகும், தம்பிக்கு வயித்தால போயிரும்" என்று அதை மட்டும் நீங்கள் சாப்பிட்டீர்கள். மற்றவற்றை அவள் ஒரு டப்பாவில் அடுக்கி, மேலே இந்தக் குச்சி உறையையும் வைத்துக் கொடுத்தாள். நான் பில்லுக்கு நின்றேன். டப்பாவோடு நீங்கள் முன்னால் இறங்கிப் போனீர்கள்.

நான் கீழே வந்தபோது நீங்கள் முன் சீட்டில் இருந்தீர்கள். அருள் ஸ்டியரிங் மேல் டப்பாவை வைத்துக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு ரோடு பற்றித்தான். ஏறும்போது என்னிடம் சொன்னீர்கள், "நல்ல பையன். கிளட்ச்ச மட்டும் மிதிச்சே வெச்சிருக்கறான். சொல்லி வை, அம்முணி."

டிரைவர் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அதற்குப் பத்து நாள் முன்னால் சங்ககிரி லாரி ஸ்டாண்டில், வண்டியில் ஏறக் கால் தூக்கிய இடத்திலேயே நீங்கள் சரிந்தீர்கள்.

காரியம் முடிந்து பெங்களூர் திரும்பிய பிறகுதான் அருள் சொன்னான். டப்பாவை நீட்டியதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை:

"வெள்ளை போர்டுல டாக்ஸி ஓடி நான் பார்த்ததில்லீங்க தம்பி."

வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு. சொந்த வண்டிக்கு வெள்ளை. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் நம்பர் போர்டைப் பார்க்கிற மனிதரிடம், வெள்ளை போர்டு காரைக் காட்டி டாக்ஸி என்றிருக்கிறேன்.

பெயர் கேட்டீர்களாம். கண்ணாடியில் தொங்கிய செபமாலையைத் தொட்டுப் பார்த்தீர்களாம். சேலத்தில் எந்தப் பக்கம் என்றீர்களாம். பிறகு, "இதச் சொல்லத்தான் என்னைய இங்க கூட்டியாந்திருக்கறா. வாய் வர மாட்டேங்குது. அவளாச் சொல்லட்டும். அது வரைக்கும் நீங்க டிரைவராவே இருங்க. நான் கேட்டேன்னு சொல்லிப்போடாதீங்க. மொதல்ல சாப்பிடுங்க."

அவன் வாக்குக் காப்பாற்றினான். நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் ஞாயிறுதோறும் நீங்கள் போன் செய்தீர்கள். "வேற என்ன சாமி?" என்று முடிப்பீர்கள். வேற ஒன்றுமில்லைப்பா என்பேன். கொஞ்ச நேரம் வைக்காமல் இருப்பீர்கள். எனக்கு அது பழக்கம் என்று பட்டது. இப்போது அந்த மௌனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கையால் சாப்பிட்டதால் அருளுக்குக் குச்சி தேவைப்படவில்லை. நீங்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்களாம். அடுத்த முறைக்கு ஆகும் என்றீர்களாம். எந்த அடுத்த முறை என்று அவன் கேட்கவில்லை.

அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறாள்.

"சாமி, எறங்கலியா இன்னும்? அந்த டிரைவர் காத்தால இருந்து அங்கயே நிக்குது. ஒரு வாய் சோறு உண்டுட்டுப் போவச் சொல்லு."

அம்மாவுக்கு நம்பர் போர்டெல்லாம் தெரியாது. அவள் சொன்னால் சொன்ன பொருள்தான். இந்தக் கதவை யாரும் எனக்காகத் திறந்து பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் தட்டிலும் கடைசித் துண்டை என்னால் எடுக்க முடிவதில்லை. ஆபீஸில் கேலி செய்கிறார்கள். டயட்டா என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வசதியான பொய் சீக்கிரம் வரும், உங்களுக்குத் தெரியும்.

தாளில் இடம் முடிகிறது. இறங்குகிறேன்.

மாலை. வேறு தாள்.

குச்சி உறையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். "அவரு டிரைவர் இல்லம்மா" என்றேன். பெயரைச் சொன்னேன். சர்ச்சைச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியும் என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வெகுநேரம் கரண்டியையே துடைத்தாள்.

"காத்தால இருந்து பட்டினியா போட்டு வெச்சிருக்கற?" என்றாள்.

தெருமுனைக்கு நடந்து போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டி, அவனை உள்ளே வரச் சொன்னேன்.