பன்னிரண்டாம் குரோமோசோம்

டயகம

என் மருமகனுக்கு,

போன் எடுத்தால் நீ பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன் காயம் ஆறியதா?

என் மகள் கிருஷாந்தியைக் கட்டமாட்டேன் என்று நீ சொல்லியனுப்பியதும், கொழும்பில் வேறு பெண் இருக்கிறாள் என்றே நினைத்தேன். உன் கடை முதலாளியைப் போலீஸ் மாதிரி விசாரித்தேன். மனிதர் நடுங்கிப்போனார். பெண் யாரும் இல்லையாம்.

பிறகுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். உனக்கு வெட்டியெடுத்த கட்டியில் பன்னிரண்டாம் குரோமோசோம் ஒரு துண்டு கூடுதலாம். அது நம் குடும்ப ரத்தம், மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்கும் வரும் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாயாம்.

எனக்கு நம்பிக்கையில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டரே எழுந்து நாற்காலி போட்டார்.

"ஐயா, அது விதையில வந்த கட்டிக்குள்ள நடந்த மாற்றம். பொறக்கும்போதே ரத்தத்துல வந்ததில்ல. உங்க மகளுக்கு அதுல சம்பந்தமே இல்ல."

"ஒண்ண எடுத்துட்டாங்க. அந்த எடத்துல இன்னொண்ணு இருக்கே, புள்ள பொறக்க அது போதுமா சார்?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"பெரும்பாலும் போதும்," என்றார். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே இப்போது சந்தேகமெல்லாம் உன்மேல்தான். ரத்தத்தைச் சாக்குச் சொல்லி, வெட்கப்பட்டு ஒளிந்திருக்கிறாய்.

கிருஷாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மச்சான் கிளினிக்குக்குத் தனியாவா போறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கதவைத் திற.

உன் தாய்மாமன்