தங்கை கல்யாண வீடியோவில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? ஜோகூரில் நான் நலம்.

ஸ்டூடியோவில் எடிட்டிங் பழகுகிறேன். பழகிப் பார்க்க நம் ரூபினி கல்யாண வீடியோவைத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று நான் இங்கே வேறு யாருடைய கல்யாணத்திலோ லைட் பிடித்துக்கொண்டிருந்தேனே.

தாலி கட்டும் இடத்தை ஸ்லோ மோஷனில் வைத்ததும் மேளச் சத்தம் மாடு கத்துவதுபோல் இழுத்தது. முதலாளி காளிதாசன் அண்ணன் சிரித்துவிட்டார். சத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எல்லோரும் அரிசி போடுகிறார்கள். நீங்கள் மட்டும் கையில் அரிசியோடு கோயில் வாசலைப் பார்க்கிறீர்கள்.

"அம்மா கேமராவ பாக்கல லா, வெட்டிரு தம்பி" என்றார் அண்ணன்.

நான் வெட்டவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அண்ணன் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
சசிதரன்