எந்தக் கால் சும்மா இருந்தது?

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமாம். விசாரித்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

விசாரணை அதிகாரி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். நம் விமானம் தரையை விட்டுக் கிளம்பிய பத்தாவது விநாடியில் நின்றுபோனது இடது எஞ்சின். ஆனால் இழுத்து மூடப்பட்டிருந்தது வலது எஞ்சினின் லீவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை மூடியது யார் என்பதுதான் கேள்வி. எனக்குச் சரியாக நினைவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேப்டன். பதற்றத்தில் இழுத்திருக்கலாம். பதினோரு வருட அனுபவம் இருப்பதால் ஆறு மாதத் தடையோடு போகும். எனக்கு விமானி உரிமம் வந்து நான்கே மாதம். என் பெயர் வந்தால் அது கிழிந்தது. நீங்கள் இழுத்ததாக எழுதி இத்துடன் வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எதற்கு இழுத்தடிக்க வேண்டும்?

அக்கா ஏன் என் போனை எடுப்பதில்லை?

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்

மார்ச் 8

அருமை மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அக்கா வாசித்துவிட்டு, "பத்து நாள் முன்னாடியே பொறந்தவன்தானே, அவனுக்கு எதுலதான் பொறுமை?" என்றாள். போனை எடுக்காததற்கு என்னைக் கேட்காதே. சமையலறைக்கு நொண்டிப் போய்க் கேட்கும் தெம்பு எனக்கில்லை.

நீதான் கணக்கில் புலியாயிற்றே, இதைப் போட்டுப் பார். இடது எஞ்சின் நின்றால் மூக்கு இடது பக்கம் திரும்பும். நேராக்க வலது பெடலை மிதிக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. முதல் பாடம். எனக்கு முறிந்தது வலது கால், இரண்டு இடத்தில். விமானம் வேலியில் மோதும்வரை மிதித்துக்கொண்டே இருந்த கால். இடது காலில் ஒரு கீறல்கூட இல்லை.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேஜைமேல் இருக்கிறது. பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, தபாலில் சேர்ப்பேன். அதுவரை பொறு.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 10

அத்தானுக்கு,

கால் முறிந்ததை வைத்து என்ன நிரூபிக்கப் பார்க்கிறீர்கள்? எந்தக் கால் முறியும் என்பது மோதும் கோணத்தைப் பொறுத்தது. காலால் மிதித்துக்கொண்டே கையால் தவறான லீவரை இழுக்க முடியாதா என்ன? கையெழுத்துப் போட்டாயிற்றென்றால் அனுப்ப வேண்டியதுதானே? திங்கட்கிழமைக்கு என்ன நல்ல நேரம் பார்த்து வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பதில் போடுங்கள்.

மச்சினன்

மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. இன்று காலை நானே அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

பயிற்சியில் ஏழு தடவை எஞ்சினை நிறுத்திக் காட்டினார்கள். ஏழு தடவையும் வலது எஞ்சின். ஏழு தடவையும் சீக்கிரம் இழுத்துப் பேர் வாங்கினேன். கை அதையே மனப்பாடம் செய்துவிட்டது. உங்கள் இரண்டு கையும் விமானத்தைப் பிடித்திருந்தன. "இடது போச்சு. பொறு மாப்ளே, சரிபார்த்துட்டு இழு" என்றீர்கள். இடது எஞ்சினின் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, சத்தம் மாறவில்லை என்றால்தான் மூட வேண்டும். மூன்று விநாடி வேலை.

நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, அத்தான். கேட்டுக்கொண்டேதான் வலதை இழுத்தேன்.

அதிகாரி உரிமத்தை வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டார். ரசீதுகூடத் தரவில்லை. அக்காவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் இல்லையா? உங்கள் வீட்டுக்கு லிப்ட் கிடையாது, மூன்று மாடி. நான் வருகிறேன். எந்தக் கையை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்த பிறகு கொடுக்கிறேன்.

உங்கள் மாப்ளை