நாற்பத்து மூன்று நாள் மூத்தவள்

அன்புள்ள டார்ச்,

நலம் விசாரிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வானிலை, விடுப்பு, புதிதாய் வாங்கிய புத்தகம் என்று வழக்கம்போல் நாலு பக்கம் ஓட்டிவிடுவேன். நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்றே வாக்கியம். "சார், எனக்கு ஆட்சேபணை இருக்கு. சான்றிதழ்ல இருக்கறது என் உண்மையான பிறந்த தேதி இல்ல. எங்க ரெண்டு பேர்ல இவதான் மூத்தவ."

இப்போது கேட்கிறேன், நலமா? விடுதி அறையில் தூக்கம் வருகிறதா? ஆறு நாள் பறந்துவிட்டு, கிடைக்கும் இரண்டு நாளில் அப்பாவைப் பார்க்க வர, ஊழியர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலி இருக்கைக்காக நிற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் மூன்று விமானங்கள் நிரம்பிப் போய் நான்காவதில்தான் இடம் கிடைத்ததாமே. அப்படிக் காத்திருந்த ஒன்பது மணி நேரத்தையும் பணி அட்டவணை போடுகிறவர்கள் உன் ஓய்வு நேரத்தில்தான் சேர்ப்பார்கள். விதிப்படி அது ஓய்வு.

அந்தக் கூட்டம் உன் நினைவில் எப்படி இருக்கிறதோ தெரியாது. என் நினைவில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் அதற்குக் கீழே வைத்த வாளியும் இருக்கின்றன. தளத் தலைமை விமானி திரையில் பணிமூப்புப் பட்டியலைக் காட்டினார். குத்தகைக்கு எடுத்த ஆறு விமானங்களைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதனால் துணை விமானிகளில் பட்டியலின் அடியில் இருப்பவர்கள் தூரத் தளத்துக்குப் போக வேண்டும் என்றார். என் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. உன் எண் இருநூற்றுப் பதின்மூன்று. சிவப்புக் கோடு நம் இருவருக்கும் நடுவில் போயிற்று.

நீ ஒருத்திதான் எழுந்து கேட்டாய், "சார், நாங்க ஒரே நாள்ல சேர்ந்தோம், ஒரே நாள்ல பயிற்சி முடிச்சோம். கோடு எப்படி சார் நடுவுல விழும்?" என்று. அவர் கோப்பைப் புரட்டினார். "சேர்ந்த தேதி ஒண்ணா இருந்தா வயசுல பெரியவங்க மேல. உங்க ஃப்ரெண்ட் உங்களைவிட நாப்பத்து மூணு நாள் பெரியவங்க. அவ்வளவுதாம்மா" என்றார். பின் வரிசையிலிருந்து யாரோ, "கொஞ்சம் அவசரப்பட்டுப் பொறந்திருக்கலாமேம்மா" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லும்படியும், நாளைக்கு உத்தரவு கிளம்பிவிடும் என்றும் அவர் சொன்னார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியை, அது இறுகின பிறகும் திருகிக்கொண்டே இருந்தாய்.

என் பிறந்தநாள் எது என்று என் வீட்டுக்கு வெளியே உனக்கு மட்டும்தான் தெரியும். விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் உளறிவிட்டேன். ஐந்து வயது முடியாமல் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றார்களாம். நாலேகால் வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளே என்ற பெருமையில் என் அப்பா வயதில் பத்து மாதம் கூட்டிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சான்று, விமானி உரிமம் எல்லாவற்றிலும் அந்தத் தேதிதான். அதைக் கேட்டு, "அப்போ நீ பொடிசாடி!" என்று கத்தினாய். என் நிஜப் பிறந்தநாளுக்கு ஒரு பன் வாங்கி வந்தாய். விமானக் கொட்டகைக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்பதால் பன்னுக்குப் பின்னால் டார்ச்சை எரியவிட்டு என்னை ஊதச் சொன்னாய். நான் ஊதினேன், நீ அணைத்தாய். அன்றைக்குத்தான் உனக்கு இந்தப் பெயர் வந்தது.

உண்மையைச் சொன்னால் உரிமத்துக்கே வம்பு வரும் என்று பயந்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். பயம் பிறகுதான் வந்தது. அந்த அறையில் நான் நினைத்தது என் ஜன்னலோர அலமாரியை. இத்தனை புத்தகங்களையும் பெட்டியில் கட்டி, தெரியாத இடத்தில் வீடு தேடி, மறுபடி எல்லாவற்றையும் அடுக்க வேண்டுமே என்ற அலுப்பு. அங்கே பக்கவாதத்தில் விழுந்துபோன உன் அப்பாவின் வலது கை, இங்கே என் சோம்பல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நீ சுவரோடு ஒதுங்கி, "பெரியவங்களுக்கு வழி விடறதுதானே மரியாதை" என்று என்னை முன்னால் போகவிட்டாய். நான் இறங்கிப் போனேன். மறுநாள் உன்னிடமிருந்து செய்தி வந்தது. வீட்டுச் சாவி எதிர் வீட்டில் இருக்கிறது, மாத்திரைச் சீட்டு ஃப்ரிட்ஜ் மேலே, முடிந்தால் அப்பாவை எட்டிப் பார், நன்றி அக்கா. ஆறு வருடம் பொடிசு என்று கூப்பிட்டவள் நீ. வேறு யார் என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் காதில் விழுந்து போயிருக்கும்.

புதன்கிழமை காலை உன் அப்பாவைப் பார்த்தேன். நடைப் பயிற்சி கொடுக்கும் தம்பி வந்திருந்தார். அப்பா கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்பது அடி நடந்தார். எண்ணிக்கையை அவரே சொல்கிறார், ஏழு மட்டும் வாயில் வரவில்லை. போன மாதம் நீ இருந்தபோது பதினைந்து நடந்தாராம். "பொண்ணு திட்டினாதான் நடப்பாரு மேடம், நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு" என்று அந்தத் தம்பி சொன்னார். உன்னை மாதிரித் திட்டிப் பார்த்தேன். அப்பா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

ஒரு வழி இருக்கிறது. ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேர் தொண்ணூறு நாளுக்குள் தளத்தை மாற்றிக்கொள்ளலாம், இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பகுதியை நிரப்பிவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் "சொந்த விருப்பம்" என்று எழுதினேன். அங்கேயும் முழு உண்மையை எழுதக் கை வரவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கோபத்தில் வேலையை மட்டும் விட்டுவிடாதே. எண் போனால் போனதுதான். நாளைக்கு இங்கேயே திரும்பி வந்தாலும் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே நிற்க வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, கையெழுத்துப் போடு என்றுதான் கேட்கிறேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. நீ வீட்டில் இருக்க வேண்டும், அப்பா பதினைந்து அடி நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைவிட எட்டரை மாதம் சின்னவள்

***

மூன்று வாரம் கழித்து

டார்ச்,

இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். முதல் கடிதத்தை விடுதி வரவேற்பறையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகக் கூரியர்காரர் சொன்னார். விடுதிக்கு போன் செய்தேன். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின நாளே நீ அறையைக் காலி செய்துவிட்டாயாம். கடிதம் பிரிக்காமல் அவர்களிடமே இருக்கிறது. ராஜினாமாவை அன்று காலையிலேயே கொடுத்துவிட்டாய் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை புதிய பட்டியலை ஒட்டினார்கள். உனக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு எண் மேலே ஏறியிருக்கிறார்கள். என் எண் மாறவில்லை.