அப்பாவின் கோட்டுக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கித் தொழிற்பள்ளி, ஃபெர்லாக்,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் வேட்டைத் துப்பாக்கிக்கு, தோளில் பதியும் வால்நட் மரக்கட்டையைச் செதுக்கிவிட்டேன். துப்பாக்கியின் இரும்புப் பாகத்தில் புகைக்கரி தடவி மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டினேன், நாற்பது முறை. இப்போது இரண்டுக்கும் நடுவே தலைமுடிகூட நுழையாது. அவ்வளவு அழகு!

ஆசிரியர் கிராஸ்னிக் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கட்டையின் நீளத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கோடையில அளவெடுத்தியாக்கும்? உங்கப்பா பனியில வெறும் சட்டையோடயா மான் வேட்டைக்குப் போவாரு, புத்தகப் புழு?"

கம்பளிக் கோட்டின் தடிமன் அளவுக்குக் கட்டையைக் குறைக்க வேண்டுமாம். கூடுதலாக அறுத்துவிட்டால் அவ்வளவு மரமும் வீண். வெள்ளிக்கிழமை அறுக்கிறேன். அதற்குள் கோட்டைத் தபாலில் அனுப்புங்கள். வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு நீங்களே வாருங்கள். தோள் இல்லாத கோட்டை எப்படி அளப்பது?

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ரோஸ்விதா