கைப்பிடி இல்லாத படிக்கட்டு

அனுப்புநர்:
மறைந்த கட்டடக் கலைஞரின் மகள்,
அவர் வடிவமைத்த வீடு,
மைய நூலகத்தின் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பாரம்பரியக் கட்டடங்கள் பாதுகாப்புத் துறை.

பொருள்: என் தாயார் மாடியேற ஏதுவாகப் படிக்கட்டில் கைப்பிடி அமைக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நகரின் மைய நூலகம், பேருந்து நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றை வடிவமைத்தவர் என் தந்தை. அவற்றைப் பார்த்து எத்தனையோ ஊர்களில் கட்டடங்கள் எழுந்தன. அவர் முதன்முதலில் கட்டியது நாங்கள் வசிக்கும் இவ்வீடு. இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகத் தங்கள் துறை அறிவித்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. அந்த மகிழ்ச்சியோடுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டோம்.

2. இவ்வீட்டின் படிக்கட்டு பாடப்புத்தகங்களில் உள்ளது. படிகள் சுவரிலிருந்து நேரே நீண்டு நிற்கும். அடியில் தாங்குதூண் கிடையாது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. தேவையற்ற எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது தந்தையின் கொள்கை. நான் வயிற்றிலிருந்தபோது, ஒரு கம்பியாவது வைக்கும்படி தாயார் கேட்டிருக்கிறார். பழகிவிடும் என்று பதில் வந்தது. பழகிக்கொண்டார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரை ஒட்டியே ஏறி இறங்கினார். வெள்ளையடித்தால் அவர் தோள் உரசிய கறை மறையும். மறுபடி வரும்.

3. கடைசிக் காலத்தில் தந்தையின் கால்கள் வலுவிழந்தன. வீட்டைக் காண வரும் பார்வையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவார். ஒருநாள் பாதியில் நின்றுவிட்டு, “ஒரு கம்பி போட்டிருக்கலாம்” என்றார். கீழே நின்ற தாயார், “இப்பதான் தெரியுதாக்கும்” என்று சொல்லி அவருடைய செருப்பை எடுத்து வைத்தார்.

4. தந்தை இறந்தபின் கைப்பிடிக்கு விண்ணப்பித்தேன். தங்கள் அலுவலர் நேரில் வந்து பார்த்தார். மரியாதையாகவே பேசினார். “அவரே வேண்டாம்னு விட்டத நாம எப்படிம்மா வைக்கறது?” என்றார். தந்தை சொன்னதைத் தெரிவித்தேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

5. சென்ற மழைக்காலத்தில் தாயார் அந்தப் படிக்கட்டிலிருந்து விழுந்ததில் அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. அன்று கட்டடக்கலை மாணவர்கள் வந்திருந்தனர். அவர்களே தூக்கி வண்டியில் ஏற்றினர். அவர்களில் ஒரு பெண் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்கே விழுந்தார் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். வீட்டில் என்றேன். யார் கட்டிய வீடு என்று சொல்லவில்லை.

6. இப்போது மெல்ல நடக்கிறார். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். பார்வையாளர் வரும் ஞாயிறுகளில் கட்டிலைச் சுற்றித் திரை கட்டுகிறோம். மாடியிலுள்ள தன் அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்பதில்லை. பிடித்துக்கொள்ள ஏதேனும் இருந்தால் ஏறலாம் என்கிறார் மருத்துவர்.

7. தந்தையின் பெயருக்குக் குறைவு நேர வேண்டும் என்பது என் எண்ணமல்ல. தச்சரிடம் சொல்லிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை வந்து சுவரில் மரக் கைப்பிடி பொருத்துவார். அதற்குள் அனுமதி வழங்க வேண்டுகிறேன். இயலாதெனில், விதிமீறல் அறிவிப்பை என் பெயருக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வீடு தாயார் பெயரில் உள்ளது. ஆயினும் அவரைக் கீழே அழைக்க வேண்டாம். அவர் மாடியில் இருப்பார்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மகள்

இடம்: மேற்படி வீட்டின் கூடம்
நாள்: திங்கட்கிழமை