ஓடை தெளிந்தால் ஆபீசர் வருவார்

ஜூன் 30, திங்கள்

தனம் இன்று வேலைக்கு வரவில்லை. நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்: "நாளைக்கு லீவுக்கா. ஓடைல தண்ணி தெளிஞ்சிகினு வருது. வூட்டுத் துணி மொத்தத்தையும் அலசிப் போட்டுடுறேன்." பாத்திரமெல்லாம் என் தலையில்.

எங்கள் சுரங்க நகரியத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஓடையில் விடும் கான்ட்ராக்ட் கம்பெனியில் இவர் சூப்பர்வைசர். மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி இன்று வந்து ஓடைத் தண்ணீரைச் சோதித்தாராம். எல்லாம் சுத்தமாம். பெருமையாகச் சொன்னார்.

ஜூலை 1

இன்று ஓடை மறுபடி கறுப்பாம். "ஆபீசர் வர்றப்ப மட்டும் தெளியும்க்கா" என்கிறாள் தனம்.

இவரைக் கேட்டேன். சிரிக்கிறார்! "பாதி மோட்டார் ஓடல ப்ரியா. ஆபீசர் போன் பண்ணிட்டுத்தான் வருவார். முந்தின நாளே ஷட்டரைத் திறந்து சுரங்கத்துல எறைக்கிற நல்ல தண்ணிய ஓடைல விட்ருவாங்க. மேல இருக்கறவங்க சொல்றாங்க, நான் என்ன பண்ண?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஊர் மலத்தையே தண்ணீரில் மறைக்கிறார்கள்.

ஜூலை 9

தனத்தின் மகள் மணிமொழிக்கு முழங்கால்வரை புண். ஓடைத் தண்ணீர் பாயும் வயலில் களை எடுக்க இறங்கியவள். செருப்புகூடப் போட முடியவில்லை. காலேஜ் திறந்தும் வீட்டில் கிடக்கிறாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர்தானே அது? நான் ஊத்துறேன், அந்தப் பொண்ணு கால் அழுகுது. இதுக்கு ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு சூப்பர்வைசர். ச்சே!

ஜூலை 10

இவரோடு பேசவில்லை.

ஜூலை 23

இவர் போனில் பேசியது காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். சுரங்கத் தண்ணீர் வேறு வேலைக்கு வேண்டுமாம். அன்று மதியத்தோடு ஷட்டரை மூடிவிட வேண்டுமாம்.

சொல்லலாமா? இவர் வேலை போய்விட்டால்?

ஜூலை 24

தனத்திடம் சொல்லிவிட்டேன்.

தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நாளைக்கு எங்க மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறோம். ஆபீசர் குடிக்காம போயிடுவாராக்கா?" என்றாள்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

சாயங்காலம் தனத்தின் போன். ஒரே சிரிப்பு.

அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறியிருக்கிறார். ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கோயிலுக்குக் கூட்டிப்போனார்களாம்: "ஆத்தா கூழு சார், வாணாம்னு சொல்லக் கூடாது." கூழ் முடிந்து கருவாட்டுக் குழம்பு, பிறகு சாமியாட்டம். சாமி அதிகாரியைத்தான் கூப்பிட்டு நிறுத்தி வாக்குச் சொன்னதாம், நெடுநேரம்! அதற்குள் ஓடை கறுத்து நாற்றம் கோயில்வரை வந்துவிட்டது.

"மூக்கப் பொத்திக்கினு அவரே வேற பாட்டில் எடுத்துக்கினு எறங்குனாருக்கா!"

ஆகஸ்ட் 14

கம்பெனிக்கு நோட்டீஸ், அபராதம். எல்லா மோட்டாரையும் மாற்றியாக வேண்டுமாம். இவருடைய இன்க்ரிமென்ட் போயிற்று.

"மதியம் மூடுறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று சாப்பிடும்போது என்னைப் பார்த்தார். ரசம் ஊற்றினேன்.

மோட்டார் மாற்றுவார்களாம். செய்யட்டும், அப்புறம் நம்புகிறேன்.

அக்டோபர் 10

தனம் இன்று லீவு. ஓடை தெளிந்திருக்கிறதாம், துணி துவைக்கிறாளாம். மறுபடியும் அதே வேலையா?

இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன், "ஆபீசர் வந்தாரா? இல்ல, நாளைக்கு வர்றாரா?"

"இல்லையே" என்றார். "ஏன்?"